மோதாமல் இணைதல்: தாக்குபவரின் விசையோடு சேர்ந்து நகரப் பழகும் முறை

ஜப்பானியத் தற்காப்புக் கலையான ஐகிடோ பழக வருகிறவர்களில் பெரும்பாலானோர், தாக்குபவரின் விசையோடு இணைவது என்றால் உடலைத் தளர்த்திக்கொண்டு பின்வாங்குவது என்றே எண்ணிக்கொண்டு வருகிறார்கள். பின்வாங்குகிறவரை இரண்டாவது அடி எட்டிவிடும். மூன்றாவது அடிக்கு அவருக்கு நிற்க இடமும் இராது. தாக்குபவர் புறப்படும் கணத்திலேயே நாமும் புறப்பட்டு, அவருடைய விசை செல்லும் கோட்டிலிருந்து விலகி, அதே அசைவில் அவரை நெருங்கி, இறுதியில் அவர் பார்க்கும் திசையையே நாமும் பார்த்தபடி நிற்பதற்குத்தான் இணைதல் என்று பெயர். இந்த வேலையைச் செய்பவை கால்களும் இடுப்பும். கைகள் அவற்றைப் பின்தொடர்கின்றன. திருகோணமலையில் ஓரளவு கராத்தேயோ ஜூடோவோ பழகிவிட்டு, துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு இதைச் சீராகக் கற்க விரும்புகிறவர்களை மனத்தில் வைத்து இதனை எழுதுகிறேன். ஆசிரியர் ஒருவரிடம் பழகிக்கொண்டே இதைத் துணையாகக் கொள்வது நல்லது.

1882இல் தோக்கியோவில் கோடோக்கான் என்ற பயிற்சிப்பள்ளியை நிறுவி ஜூடோவை வகுத்த கானோ ஜிகோரோ, இந்தக் கருத்தை எண்களைக் கொண்டு விளக்கினார். எதிரே நிற்பவரின் வலிமை 10, என்னுடையது 7 என்று கொள்வோம். அவர் தள்ளும்போது நான் எதிர்த்துத் தள்ளினால் தோற்பது நானே. மாறாக, அவர் தள்ளும் அளவுக்கு நான் உடலை விலக்கி என் சமநிலையை மட்டும் காத்துக்கொண்டால், அவர் முன்பக்கம் சாய்ந்து நிலை குலைவார். அப்போது அவரிடம் எஞ்சுவது 3 என்றால் என்னிடம் 7 அப்படியே இருக்கிறது, அதில் பாதியே அவரை வீழ்த்தப் போதும். இதைக் கேட்பவர்கள் விலகுவதை நினைவில் வைக்கிறார்கள். சமநிலையைக் காத்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையை மறந்துவிடுகிறார்கள். வழிவிடுவதால் மட்டும் எல்லாம் நடந்துவிடாது என்பதைக் கானோவும் சொல்லியிருக்கிறார்: மணிக்கட்டை ஒருவர் இறுகப் பிடித்துவிட்டால், எதிர்க்காமல் நிற்பதால் பிடி விடுபடப்போவதில்லை.

பிடிபட்ட கையிலிருந்தே தொடங்கும் பயிற்சியை ஐகிடோ விரிவாக வளர்த்தெடுத்திருக்கிறது. அதை உருவாக்கிய உவேஷிபா மொரிஹேய் (1883–1969), 1915இல் ஹொக்கைடோவில் தக்கேதா சோகாகுவைச் சந்தித்து தைத்தோ-ரியூ என்ற பழைய தற்காப்பு முறையைக் கற்றவர். ஐகிடோ என்ற பெயர் 1942இல் முறைப்படி நிலைபெற்றது. அதன் அடிப்படை அசைவுகளில் முதன்மையானவை இரண்டு: தாக்குபவரின் பக்கவாட்டுக்குள் நுழையும் இரிமி, அவரருகே சுழன்று திரும்பும் தென்கன். இந்த இரண்டும் உடம்பில் ஊறிய பிறகு கற்கும் எறிதலும், மூட்டை மடக்கிப் பிடிக்கும் பூட்டும் எளிதாக வரும். ஊறாதவர் எத்தனை பூட்டுகளைக் கற்றாலும் கையால் மல்லுக்கட்டிக்கொண்டே இருப்பார்.

இடமும் நேரமும்

மெத்தை விரித்த கூடம் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் உப்புவெளிக் கடற்கரை போதும். கால் பயிற்சிக்கு அதைக் கூடத்தைவிட மேலானதாகவே நான் கருதுகிறேன். அலை வந்து திரும்பும் இடத்துக்குச் சற்று மேலே, ஈரம் காய்ந்துகொண்டிருக்கும் இறுகிய மணலைக் காலசைவுக்குத் தேர்ந்தெடுங்கள். உலர்ந்த தளர்மணலில் பாதம் புதைந்துவிடும். அந்த நிலையில் உடல் திரும்பினால் முழங்கால் முறுக்கிக்கொள்ளும். விழும் பயிற்சிக்கு இதற்கு நேர்மாறாகத் தளர்மணலே வேண்டும், ஏனெனில் ஈரமணல் முதுகுக்குச் சீமெந்துத் தரையைப்போல் கடினமாக இருக்கும். எங்கே பழகுவதானாலும் முதலில் அந்த இடத்தை வெறுங்கையால் துழாவி, சிப்பி, போத்தல் ஓடு, தூண்டில் முள் எதுவும் இல்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இருவரும் கரைக்கு இணையாக, ஒருவர் வடக்கையும் மற்றவர் தெற்கையும் நோக்கி நில்லுங்கள். கடலுக்கு மேலே எழும் வெயில் அப்போது இருவருக்கும் பக்கவாட்டில் இருக்கும், யார் கண்ணும் கூசாது. கச்சான் அடிக்கும் மாதங்களில் விடியற்காலையிலேயே முடித்துவிடுவது உடலுக்கு நல்லது. வாடைக் காலத்தில் கடல் கொந்தளித்து மணல் மாறிக்கொண்டே இருக்குமாதலால், அப்போது கூடத்துக்குள் சென்றுவிடுங்கள்.

இடைவெளி

கண் ஓர் அசைவைக் கண்டு உடல் பதிலுக்கு அசையத் தொடங்கவே சுமார் 0.2 விநாடி செல்கிறது. கைக்கெட்டும் தூரத்தில் நிற்பவர் குத்தினால், நீங்கள் எவ்வளவு விரைவானவராக இருந்தாலும் இணைய நேரம் கிடைக்காது. தடுக்கவோ குத்தை வாங்கவோதான் முடியும். ஆகவே, தாக்குபவர் ஓரடி எடுத்து வைத்தால் மட்டுமே உங்களைத் தொட முடியும் என்ற இடைவெளியை முதலில் உடலால் அறிந்துகொள்ள வேண்டும். துணைவரைக் காலை அசைக்காமல் கையை நீட்டச் சொல்லுங்கள்: விரல் நுனி உங்களை எட்டக்கூடாது. பிறகு ஓரடி வைத்து நீட்டச் சொல்லுங்கள்: கை உங்கள் முகத்தை நன்றாக எட்ட வேண்டும். அந்த இடத்தில் குதிக்காலால் மணலில் ஒரு கோடு கிழித்துவைத்து, விலகிச் சென்று மீண்டும் வந்து, கோட்டைப் பாராமலே அதன்மேல் வந்து நிற்க முடிகிறதா என்று சோதியுங்கள். உயரமானவரோடும் குள்ளமானவரோடும் இதைச் செய்து பார்த்தால், இடைவெளி ஆளுக்கு ஆள் மாறுவது விளங்கும்.

பிடிபட்ட கையோடு திரும்புதல்

இணைதலைக் கற்க மிகச் சிறந்த பயிற்சி இதுவே என்பது என் உறுதியான கருத்து.

நீங்கள் இடக்காலை முன்வைத்து இடக்கையை நீட்டி நிற்கிறீர்கள். துணைவர் வலக்காலை முன்வைத்து, தம் வலக்கையால் உங்கள் இடது மணிக்கட்டைப் பிடிக்கிறார். முதலில் நகராமல் நின்று, அந்தப் பிடி எதைச் செய்கிறது என்று கவனியுங்கள். அது தள்ளுகிறதா, இழுக்கிறதா, கீழே அழுத்துகிறதா? விரல் கணுக்கள் வெளுக்கும் அளவுக்கு அவர் இறுக்கினால், அவருடைய தோள் மேலெழுந்து எடை முன்காலுக்கு வந்திருப்பதை மணிக்கட்டிலேயே உணரலாம். இந்த நிலையில் பிடிபட்ட கையை உங்கள் பக்கம் இழுத்தால் அவர் பதிலுக்கு இழுப்பார். தள்ளினால் அவரும் தள்ளுவார். எனவே பிடிபட்ட மணிக்கட்டை அது இருக்கும் இடத்திலேயே விட்டுவிட்டு, உடலை அதனிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

இடக்காலை அவருடைய வலது பாதத்துக்குச் சற்று வெளியே முன்னோக்கி வழுக்கி வையுங்கள். அதே வேளையில் விரல்களை விரித்து, முழங்கையைத் தாழ்த்தி, விரல் நுனிகள் உங்கள் வயிற்றை நோக்கித் திரும்பும்படி உள்ளங்கையை மேல்நோக்கிப் புரட்டுங்கள். இப்போது இடக்காலின் முன்பாதத்தை அச்சாகக் கொண்டு, இடுப்பை வலப்பக்கமாகத் திருப்பி, பின்னால் இருந்த வலக்காலை வளைவாகப் பின்பக்கம் கொண்டுபோங்கள். முடியும்போது நீங்களும் அவரும் தோளோடு தோள் நின்று ஒரே திசையைப் பார்க்க வேண்டும். பிடிபட்ட கை உங்கள் தொப்புளுக்கு நேர் முன்னால் இருக்க வேண்டும். அவர் பிடியை விடாமல் இருந்தால், அவருடைய கை உங்கள் இடுப்பின் திருப்பத்தோடு முன்னோக்கி இழுபட்டு, குதிக்கால் தரையைவிட்டு எழும்பியிருக்கும். நீங்கள் அவரை இழுக்கவில்லை. அவர் பற்றிய இடம் நகர்ந்தது, அவ்வளவுதான். கரைவலை இழுப்பவர்கள், அலை வலையைக் கரைப்பக்கம் தள்ளும் வேளை பார்த்துக் கயிற்றோடு பின்னடி வைப்பதைக் கண்டவர்களுக்கு, விசை வரும் வேளையில் இடுப்பும் காலும் அதோடு செல்வது எப்படி என்பதைச் சொல்லி விளங்கவைக்க வேண்டியதில்லை.

திரும்பி முடித்ததும் மணலைப் பாருங்கள். அச்சாக நின்ற கால் சிறு வட்டக் குழியையும், வலக்கால் அறுபடாத ஒரு வளைவையும் விட்டிருக்க வேண்டும். வளைவு நடுவில் அறுந்திருந்தால் காலைத் தூக்கி வைத்திருக்கிறீர்கள். அந்தக் கணத்தில் உங்களை ஒரு விரலால் தள்ளிவிடலாம். வட்டக் குழி இழுபட்டு நீண்டிருந்தால் எடை அச்சின்மேல் நிற்கவில்லை என்று பொருள். இடக்கால் சுவடு துணைவரின் வலச் சுவட்டுக்கு நேர் எதிரே விழுந்திருந்தால், அவருடைய கோட்டிலிருந்து நீங்கள் விலகவே இல்லை. ஆசிரியர் பக்கத்தில் இல்லாத நாளில் இந்தச் சுவடுகளே போதுமான ஆசிரியர். இரு பக்கமும் மாறி மாறிப் பழகுங்கள். வலக்கைக்காரர்களுக்கு ஒரு பக்கம் எப்போதும் பின்தங்கியே இருக்கும், அதற்குக் கூடுதல் நேரம் கொடுங்கள்.

உண்மையான தாக்குதல்

நம் ஊரில் இந்தப் பயிற்சியைப் பெரிதும் கெடுப்பது மரியாதை என்று நான் நினைக்கிறேன். வயதில் இளையவர் மூத்தவரைத் தாக்க வேண்டியிருக்கும்போது, பிடி தளர்ந்துவிடுகிறது. அடி தலைக்கு வராமல் காதோரமாகப் போகிறது. "அண்ணா, கை நோகுதா?" என்று கேட்டுக்கொண்டே பிடிப்பார்கள். அந்த அன்பு நல்லதே. ஆனால் விசையே இல்லாத தாக்குதலோடு இணைய எதுவும் இல்லை; அதைவிடக் கேடு, காதோரம் போகும் அடிக்கு விலகத் தேவையில்லாததால், மூத்தவர் நின்ற இடத்திலேயே நின்று வென்றதாக நம்பிப் பழகிவிடுகிறார். இதை மாற்ற வேண்டிய பொறுப்பு மூத்தவருடையது. "தம்பி, நான் நகராட்டி உம்முடைய கை என்ர நெத்தியில படவேணும்" என்று சொல்லி, ஒருமுறை நகராமலே நின்று, மெதுவாக வரும் கையைத் தம் நெற்றியில் பட விட்டுக் காட்டினால், இளையவருக்குத் தயக்கம் போய்விடும். வேகத்தைக் குறைக்கலாம்; திசையையும் எண்ணத்தையும் குறைக்கக் கூடாது.

கராத்தேயில் தேர்ந்தவர்களுக்கு வேறொரு சிக்கல் உண்டு. அடி வரும்போது அவர்களுடைய முன்கை தானாக எழுந்து தடுத்து இறுகிவிடும். அந்தப் பழக்கத்தைக் குறைசொல்ல எதுவுமில்லை, அவர்களுடைய கலையில் அதற்கு உரிய இடம் இருக்கிறது. இங்கே மட்டும், சில வாரங்களுக்கு இரு கைகளையும் தொங்கவிட்டுக்கொண்டு காலாலேயே விலகி நுழையும்படி அவர்களைப் பழக்கினால், இடுப்பு வேலை செய்யத் தொடங்கும்.

மேலிருந்து வரும் அடிக்குள் நுழைதல்

இருவரும் வலக்காலை முன்வைத்து நில்லுங்கள். துணைவர் வலக்கையை உச்சிக்கு மேல் உயர்த்தி, ஓரடி முன்வந்து, உங்கள் நெற்றியை வெட்டுவதுபோல் இறக்குகிறார். இங்கே வேளைதான் எல்லாம். அவருடைய கை எழும்போதே உங்கள் வலக்கையும் எழ வேண்டும், மூச்சு உள்ளே போக வேண்டும். ஆனால் நீங்கள் கோட்டை விட்டு விலகக் கூடாது. அவர் கை உச்சியில் இருக்கையில் விலகினால், அவர் அடியின் திசையை மாற்றிக்கொண்டு உங்களைத் தொடர்வார். கை இறங்கத் தொடங்கி, எடை முன்காலுக்குப் போய்விட்ட பிறகு அவரால் மாற்ற முடியாது. அந்தக் கணத்தில் உங்கள் இடக்காலை அவருடைய வலப்பக்கத்துக்கு வெளியே, வலத் தோளுக்குப் பின்னால் ஆழமாக வையுங்கள். உங்கள் வலது முன்கை அவருடைய முன்கையின் வெளிப்பக்கத்தைத் தொட்டு, அது இறங்கும் வேகத்திலேயே கூடவே இறங்கட்டும், அழுத்தாதீர்கள், தள்ளாதீர்கள். இடக்கை அவருடைய பிடரிப் பக்கமாகக் கழுத்துப்பட்டியில் மெல்லப் படியட்டும்.

கண்ணை அவருடைய கையில் வைக்காதீர்கள். கையைப் பார்க்கிறவருக்கு அடி புறப்பட்ட பிறகே செய்தி கிடைக்கிறது. மார்பையும் தோள்களையும் சேர்த்துப் பரவலாகப் பார்ப்பவருக்குத் தோள் அசைவு முன்கூட்டியே சொல்லிவிடும்.

நுழைந்ததும், முன்பு பிடிபட்ட கையோடு பழகிய தென்கனைப் போலவே சுழன்று திரும்பினால், அவர் தம் அடியின் விசையிலேயே உங்களைச் சுற்றி வளைந்து வருவார். எறிதலை இந்தக் கட்டத்தில் சேர்க்க வேண்டாம். துணைவரின் சமநிலை உடைந்த இடத்தில் நின்று, மூன்று மூச்சு அவரை அப்படியே தாங்கிப் பார்ப்பதால் கிடைக்கும் அறிவு, அவசரமாக எறிவதால் கிடைக்காது.

விழுபவரின் கடமையும் வேகம் கூட்டுதலும்

விழத் தெரியாத துணைவரோடு யாரும் வேகமாகப் பழகக் கூடாது. பின்பக்கம் விழும்போது தாடையை மார்பில் சேர்த்து, ஒரு காலை மடித்துத் தாழ்ந்து உட்கார்ந்து, முதுகை வளைத்து உருள வேண்டும். கையைப் பின்னால் ஊன்றினால் மணிக்கட்டு முறியும். கழுத்தில் நோவு உள்ளவர்கள் முன்பக்கம் உருளுவதைத் தவிர்க்கட்டும். வலித்தால் துணைவரின் உடலிலோ தரையிலோ தட்ட வேண்டும். தட்டிய கணமே மற்றவர் விட்டுவிட வேண்டும். இதில் விட்டுக்கொடுப்புக்கு இடமே இல்லை.

வேகத்தைக் கூட்டுவதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் துணைவர் வந்து இறுகப் பிடித்து நின்ற பிறகு நகருங்கள். அது இடறாமல் வந்த பின், அவருடைய விரல்கள் மணிக்கட்டைத் தொடும் கணத்தில் நகருங்கள். அதற்கும் பிறகு, பிடிக்க வரும் கைக்கு உங்கள் கையைக் கொடுத்தபடியே, தொடுவதற்கு ஒரு நூலிடை முன்பே திரும்பத் தொடங்குங்கள். அவர் பிடித்துவிட்டதாக நம்பும் தூரத்திலேயே உங்கள் மணிக்கட்டு இருந்துகொண்டிருக்க வேண்டும். வெகுமுன்பே விலக்கினால் அவர் பிடிப்பதைக் கைவிட்டு நின்றுவிடுவார், இணைய எதுவும் மிஞ்சாது. ஒரு கட்டத்தில் மோதல் தோன்றினால், அதாவது தோளில் இறுக்கமோ கைகளுக்கிடையே இழுபறியோ உணரப்பட்டால், தயங்காமல் முந்திய கட்டத்துக்குத் திரும்பி, இறுகப் பிடித்த கையிலிருந்தே மீண்டும் தொடங்குங்கள்.