படித்தது மறக்காமலிருக்க நான் கண்ட வழி

பிடித்த நாவலைப் பற்றிச் சக வாசகர்களிடம் பேசும்போது, கதைமாந்தரின் பெயர்கள்கூட நினைவுக்கு வராமல், "அருமையான புத்தகம்" என்பதற்கு மேல் எதுவும் சொல்ல இயலாத நிலை எனக்கு நெடுங்காலம் இருந்தது. அடிக்கோடிடுவது கைகொடுக்கவில்லை. மனனம் செய்தவற்றில் பெரும்பகுதி முதல் சில மணி நேரத்திலேயே மறந்துபோவதை ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-இலேயே காட்டியிருக்கிறார். ஆகவே, ஓர் அத்தியாயம் முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, நினைவில் நிற்பதை மட்டும் நான்கைந்து வரிகளில் எழுதி, அதன் பின்னரே பக்கங்களைத் திறந்து, விடுபட்டதை வேறு நிற மையில் சேர்க்கத் தொடங்கினேன். (பார்த்து எழுதுவது வெறும் நகலெடுப்புதான்.) இப்போது ஒரு நூலைப் பரிந்துரைக்கும்போது, அது எங்கே தொய்வடைகிறது என்பதையும் பக்க எண்ணோடு சொல்ல முடிகிறது. கவிதைத் தொகுப்புகளுக்கு மட்டும் இம்முறை ஒத்துவரவில்லை. அவற்றை வாய்விட்டே படிக்கிறேன்.