பேட்டர்ன் இல்லாமல் பொம்மைக்குக் குரோஷே உடை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எழுதி வைத்த பேட்டர்ன் (பின்னல் குறிப்பு) எதையும் பார்க்காமல், கையிலிருக்கும் நூலையும் எதிரில் நிற்கும் பொம்மையையும் மட்டும் வைத்துக்கொண்டு நுனியில் கொக்கியுள்ள குரோஷே ஊசியால் ஒரு சட்டையையோ பாவாடையையோ பின்னிவிட முடியும். சங்கிலி, சிங்கிள் குரோஷே, டபுள் குரோஷே ஆகிய மூன்று அடிப்படைப் பின்னல்களும் கைக்குப் பழகியிருந்தால் அதற்குப் போதும். ஆயினும் முதலில் பின்னும் இரண்டு மூன்று உடைகள் பெரும்பாலும் பொம்மைக்கு ஏறுவதில்லை; ஏறினாலும் பொருந்துவதில்லை. கைத்திறன் போதவில்லை என்று பின்னியவர் நினைத்துக்கொள்கிறார். என் அனுபவத்தில், பொம்மையைச் சின்னஞ்சிறு குழந்தையாக எண்ணிக்கொண்டு பின்னத் தொடங்குவதுதான் அத்தனை பிழைக்கும் வேர். குழந்தை கையைத் தூக்கிக் காட்டும், தோளைக் குறுக்கும், வயிற்றை எக்கும். பொம்மை இதில் ஒன்றையும் செய்யாது. அதோடு, உடை சிறுத்துவிட்டது என்பதற்காக நூலின் பருமன் தானாகச் சிறுத்துவிடுவதும் இல்லை.

பல வீடுகளில் கிடக்கும் பார்பி அளவுப் பொம்மையையே இங்கே எடுத்துக்கொள்கிறேன். 1959இல் அறிமுகமான அந்தப் பொம்மையின் உயரம் பதினொன்றரை அங்குலம், அதாவது ஏறத்தாழ 29 சென்டிமீட்டர். மனித உருவில் ஆறில் ஒரு பங்கு என்ற கணக்கு. என்னிடமுள்ள பொம்மைக்கு மார்புச் சுற்றளவு 13 சென்டிமீட்டர், இடுப்பு 9, அதற்குக் கீழே அகன்ற பகுதி 12.5. உங்கள் பொம்மைக்கும் இதே அளவுதான் என்று எடுத்துக்கொண்டால் அதுவே முதல் தவறாகிவிடும். 2016 முதல் பருத்த உடல், உயரமான உடல், குட்டையான உடல் என்று அந்தப் பொம்மையே வெவ்வேறு வடிவங்களில் வருகிறது. ஒன்றின் இடுப்புக்குப் பின்னியது இன்னொன்றின் தொடையைத் தாண்டாது.

தையற்காரர் பயன்படுத்தும் இஞ்ச் டேப்பால் பொம்மையை அளப்பதும் பிழைக்கு வழி வைக்கும். அந்த அகலப் பட்டை இவ்வளவு சிறிய இடுப்பில் படியாது. ஓரம் தூக்கிக்கொண்டு அரை சென்டிமீட்டர் கூடுதலாகக் காட்டும். நம் இடுப்பில் அரை சென்டிமீட்டர் ஒரு பொருட்டே அன்று. 9 சென்டிமீட்டர் இடுப்பிலோ அது பதினெட்டில் ஒரு பங்கு. எனவே ஒரு சாதாரணத் தையல் நூலைப் பொம்மையின்மேல் ஒரு சுற்றுச் சுற்றி, நூல் சந்திக்கும் இடத்தில் நகத்தால் பிடித்து, அதை நீட்டி ஸ்கேலில் வைத்துப் பார்ப்பதே சரியான வழி.

எதை அளப்பது என்பதில்தான் நான் முதன்முதலில் தோற்றேன். அண்ணன் மகளின் பொம்மைக்கு மார்பையும் இடுப்பையும் கவனமாக அளந்து, கழுத்திலிருந்து முழங்கால் வரை திறப்பே இல்லாமல் சுற்றிச் சுற்றிப் பின்னிய கவுன் அது. தலைவழியே போட்டால் முடியும் தோளும் தடுத்தன. கால்வழியே ஏற்றினால் அகன்ற பகுதியில் வந்து நின்றுகொண்டது. குரோஷே துணி பனியன் துணியைப் போல இழுத்த இழுப்புக்கு வராது, பொம்மையின் உடம்போ கெட்டிப் பிளாஸ்டிக். முதுகில் வெட்டித் திறக்கலாம் என்றால் வெட்டிய இடத்திலிருந்து நூல் உருவிக்கொண்டு வரும். முழுவதையும் பிரித்ததைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. உடை எந்த இடத்தில் உட்காருகிறதோ அந்த இடத்தின் அளவு மட்டும் போதாது, அந்த இடத்துக்குப் போய்ச் சேரும் வழியில் எவ்வளவு பெரிய மேட்டைத் தாண்ட வேண்டும் என்பதையும் அளக்க வேண்டும் என்று அன்று தெரிந்துகொண்டேன். இப்போதெல்லாம் மேலாடை எதுவானாலும் முதுகுப் பக்கம் இடுப்புக்குக் கீழ்வரை திறந்தே பின்னுகிறேன். பஞ்சு அடைத்த துணிப் பொம்மையாக இருந்தால் உடம்பை அமுக்கி நுழைத்துவிடலாம். அதற்கு இவ்வளவு கட்டுப்பாடு தேவையில்லை.

அடுத்தது நூல். வீட்டில் ஸ்வெட்டர் பின்னி மிஞ்சிய உல்லன் நூல் இருக்கிறது, பொம்மைக்கு அதுவே போதும் என்று தோன்றுவது இயல்பு. அந்த நூலை 4 மில்லிமீட்டர் ஊசியால் பின்னினால் ஒரு கண்ணியின், அதாவது ஊசியால் போடும் ஒரு பின்னலின், அகலம் ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் வரும். பொம்மை நம்மில் ஆறில் ஒரு பங்கு என்பதால், நம் உடையில் ஒவ்வொரு கண்ணியும் மூன்றரை சென்டிமீட்டருக்கு மேல் அகலமாக இருப்பதற்கு அது சமம். கயிற்றுக் கட்டிலைப் பிரித்துச் சட்டை தைத்தது போல இருக்கும். பார்வைக்கு மட்டும் அன்று, கணக்குக்கும் அது இடைஞ்சல். அந்த நூலில் 9 சென்டிமீட்டர் இடுப்புக்குப் பதினைந்து கண்ணிதான் வரும். ஒரு கண்ணி கூடினாலோ குறைந்தாலோ இடுப்பு தளர்ந்துவிடும் அல்லது இறுகிவிடும். மெல்லிய பருத்தி நூலில், 2 மில்லிமீட்டர் ஊசியில், எனக்கு 3 சென்டிமீட்டருக்குப் பத்துக் கண்ணி விழுகிறது. அதே இடுப்புக்கு முப்பது கண்ணி. ஒரு கண்ணி பிசகினாலும் உடை பொறுத்துக்கொள்ளும்.

இந்த ‘மூன்று சென்டிமீட்டருக்குப் பத்து’ என்பது என் கையின் கணக்கு. உங்கள் கை இறுக்கமானதாக இருந்தால் பன்னிரண்டு விழலாம். பின்னப்போகும் அதே நூலில், அதே ஊசியில், இருபது கண்ணி அகலமும் பத்து வரிசை உயரமும் உள்ள ஒரு மாதிரித் துண்டைப் பின்னி அளந்து பார்க்காமல் தொடங்குவது, பேட்டர்ன் இல்லாமல் பின்னுகிறவர் செய்யக்கூடிய தவறுகளில் மிக விலை கூடியது. சின்ன உடைதானே, மாதிரித் துண்டு பின்னும் நேரத்தில் உடையையே பாதி முடித்துவிடலாமே என்று தோன்றும். நானும் அப்படிச் சொன்னவள்தான். பேட்டர்ன் கையில் இருந்தால் எத்தனை கண்ணி என்று அது சொல்லிவிடும். இல்லாதபோது அதைச் சொல்ல இந்தத் துண்டைத் தவிர வேறு எதுவும் இல்லை. பின்னும்போது ஊசியில் இழுபடும் துணி, விட்டு வைத்த பிறகு சற்று ஒடுங்கும் என்பதால் துண்டைச் சிறிது நேரம் மேசைமேல் வைத்துவிட்டு அளப்பது நல்லது.

துண்டைக் கையில் எடுத்துத் தொங்கவிட்டும் பாருங்கள். அது அட்டைபோல விறைத்து நின்றால் பாவாடையும் அப்படித்தான் நிற்கும். சிறிய உடை என்பதற்காக ஊசியையும் மிகச் சிறியதாக எடுத்து, இறுக்கி இறுக்கிச் சிங்கிள் குரோஷே போடுவதால் இந்த விறைப்பு வருகிறது. ஊசியை அரை மில்லிமீட்டர் கூட்டினாலோ, பாவாடைப் பகுதிக்கு மட்டும் டபுள் குரோஷேவுக்கு மாறினாலோ துணி தழையும். இங்கே ஒரு சிறு எச்சரிக்கை: அமெரிக்க வழக்கில் சிங்கிள் குரோஷே எனப்படுவதைப் பிரிட்டிஷ் வழக்கில் டபுள் என்பார்கள். நான் இங்கே சொல்வதெல்லாம் அமெரிக்க வழக்கு.

தொடக்கச் சங்கிலியை மட்டும் இறுக்கிப் பின்னும் பழக்கம் பலருக்கும் உண்டு. மேலே போகப் போகக் கை தளர்ந்துவிடும், சங்கிலி மட்டும் கம்பிபோல நிற்கும். கழுத்தோ இடுப்போ அந்த ஓரத்தில்தான் இருக்கும். சங்கிலிக்கு மட்டும் ஒரு அளவு பெரிய ஊசியை எடுத்துக்கொண்டால் இது தீர்ந்துவிடும்.

பாவாடை பின்னும்போது கண்ணி கூட்டுவதில் நடக்கும் தவறைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். சிங்கிள் குரோஷேவில் தட்டையான வட்டம் பின்னுவதற்கு ஒவ்வொரு சுற்றிலும் ஆறு கண்ணி கூட்டுவோம். கோஸ்டர் (தம்ளருக்கு அடியில் வைக்கும் வட்டம்) பின்னியவர்களுக்கு இது மனப்பாடம். அந்தப் பழக்கத்தில் பாவாடைக்கும் வரிசைக்கு ஆறு கூட்டினால் என்னவாகும்? இடுப்பில் முப்பது கண்ணி, பத்து வரிசை முடிவில் தொண்ணூறு கண்ணி. 3 சென்டிமீட்டர்தான் இறங்கியிருக்கும், ஓரமோ 27 சென்டிமீட்டர் சுற்றளவுக்குப் போயிருக்கும். அது தொங்காது, பொம்மையின் இடுப்பைச் சுற்றி ஒரு தட்டைச் செருகி வைத்தது போலக் கிடையாக நிற்கும். நடனப் பாவாடைதான் வேண்டும் என்றால் சரி. சாதாரணப் பாவாடைக்கு மூன்று வரிசைக்கு ஒருமுறை ஆறு கண்ணி கூட்டினால் போதும்: முப்பது, முப்பத்தாறு, நாற்பத்திரண்டு, நாற்பத்தெட்டு. ஏறத்தாழ 14.5 சென்டிமீட்டருக்கு வந்துவிட்டதால் 12.5 சென்டிமீட்டர் பகுதியைத் தாண்டி இறங்கும். அதற்குப் பிறகு கூட்டாமலே நேராகப் பின்னிக்கொண்டு போகலாம். கூட்டும் இடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிடாதீர்கள். அப்படி அடுக்கினால் பாவாடைக்கு ஆறு மூலைகள் தெரியும். ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று கண்ணி தள்ளிக் கூட்டினால் வளைவு மென்மையாக வரும்.

மேல்சட்டையைக் கழுத்திலிருந்து கீழாகப் பின்னும்போது, கழுத்துக் கண்ணிகளை முன், பின், இரண்டு கை என்று சமமாக நான்காகப் பிரிப்பது இன்னொரு பிழை. கைக்கு அவ்வளவு தேவைப்படாது. கழுத்துக்கு இருபத்து நான்கு கண்ணி என்று வைத்துக்கொண்டால், முதுகுத் திறப்பு நடுவில் வருவதால் பின் பாதி நான்கு, கை நான்கு, முன்பக்கம் எட்டு, கை நான்கு, பின் பாதி நான்கு என்று நான் பிரிக்கிறேன். கையும் உடலும் சந்திக்கும் நான்கு மூலைகளிலும் மூலைக்கு இரண்டாக வரிசைக்கு எட்டுக் கண்ணி கூட்டி, ஆறு வரிசை பின்னினால் உடலுக்கு நாற்பதும் ஒவ்வொரு கைக்கும் பதினாறும் கிடைக்கும். கைக் கண்ணிகளை விட்டுவிட்டு, ஒவ்வோர் அக்குளிலும் இரண்டு சங்கிலி போட்டுத் தாண்டினால் உடலில் நாற்பத்து நான்கு. 13 சென்டிமீட்டர் மார்புக்கு அது சரியாக அமைகிறது. பொத்தான் வைப்பதற்கான பட்டையை முதுகுத் திறப்பின் ஓரத்தில் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். அந்தப் பட்டையை மறந்துவிட்டு, இரு ஓரங்களும் ஒன்றோடொன்று முட்டி நிற்கிற சட்டையில் பொத்தான் தைக்க இடம் தேடுவோரும் உண்டு. ஆறு வரிசை என்ற எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்ற வேண்டாம். பின்னிய பகுதியைப் பொம்மையின் தோளில் போட்டுப் பார்த்து, மூலை அக்குளைத் தொட்ட பிறகே கையைப் பிரியுங்கள். ஒரு வரிசை முன்னதாகப் பிரித்துவிட்டால் கை நுழையும் துளை இறுகி, சட்டை கழுத்தைப் பிடித்துக்கொள்ளும்.

கைப்பகுதியை முழங்கைக்குக் கீழே ஒடுக்க வேண்டாம். இந்தப் பொம்மையின் கட்டைவிரல் மற்ற விரல்களோடு ஒட்டாமல் விலகி நிற்கும். சட்டையை ஏற்றும்போது அது ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு கொக்கி போலப் போய் மாட்டும். மாட்டியதைப் பிள்ளைகள் விட்டுவிட மாட்டார்கள், இழுப்பார்கள். மணிக்கட்டை அளந்து பின்னாமல், கட்டைவிரலோடு சேர்த்து உள்ளங்கையை நூலால் சுற்றி அளந்து, அதைவிட இரண்டு கண்ணி கூடுதலாக வையுங்கள். அணிவிக்கும்போது ஒரு சிறு பிளாஸ்டிக் தாளைக் கையின்மேல் சுற்றிக்கொண்டால் வழுக்கிக்கொண்டு ஏறிவிடும்.

வரிசையாகத் திருப்பித் திருப்பிப் பின்னும்போது ஓரக் கண்ணி காணாமல் போவது பழைய கதை. நாற்பத்து நான்கில் தொடங்கியது எட்டாம் வரிசையில் முப்பத்தொன்பதாக வந்து நிற்கும். சிங்கிள் குரோஷேவில் திரும்பும்போது போடும் ஒரு சங்கிலியை வழக்கமாகக் கண்ணியாக எண்ணுவதில்லை. டபுள் குரோஷேவில் போடும் மூன்று சங்கிலியையோ பொதுவாக ஒரு கண்ணியாக எண்ணுவார்கள். அப்படி எண்ணினால் அடுத்த வரிசையின் கடைசிக் கண்ணியை அந்தச் சங்கிலியின் உச்சியில்தான் போட வேண்டும். இரண்டு வரிசைக்கு ஒருமுறை எண்ணிப் பார்த்தால் போதும். முதல் கண்ணியிலும் கடைசிக் கண்ணியிலும் ஒரு சின்ன சேஃப்டி பின் மாட்டி வைத்தால் எண்ணவே வேண்டாம்.

மூடுவதற்கு வெல்க்ரோ எளிது என்று தோன்றும். அதன் முரட்டுப் பக்கம் பின்னலையும் பொம்மையின் முடியையும் சேர்த்துப் பிய்க்கும். சிறிய பிரஸ் பட்டன் நல்லது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை விளையாடும் வீடாக இருந்தால் பொத்தான், மணி எதுவுமே வேண்டாம். அவை வாய்க்குப் போகும், தொண்டையில் அடைக்கும். பின்னிய நாடாவால் முதுகில் ஒரு குட்டை முடிச்சுப் போட்டால் போதுமானது.

அடர் சிவப்பு, கருநீலம், கறுப்பு நூல்களில் பின்னிய உடையைத் தண்ணீரில் சாயம் போவது நிற்கும்வரை அலசிக் காயவைக்காமல் பொம்மைக்குப் போட்டு அலமாரியில் வைத்துவிடாதீர்கள். வினைல் உடம்பு சாயத்தை உறிஞ்சிக்கொள்ளும். அந்தக் கறை பெரும்பாலும் மேற்பரப்பைத் தாண்டி உள்ளே இறங்கிவிடுவதால் சோப்புக்கு அசையாது. அலசிய நூலானாலும் அடர் நிற உடையை மாதக்கணக்கில் பொம்மைமேலேயே விட்டுவைக்காமல் இருப்பது நல்லது.

கடைசியாக, பின்னிக்கொண்டிருக்கும்போதே எழுதி வைக்காமல் விடுவது. ஒரு கையை முடித்துவிட்டு மறுகைக்கு வரும்போது எத்தனை வரிசை என்பது நினைவில் இருக்காது. முடிந்த கையில் எண்ணலாம் என்றால் கறுப்பு நூலில் இரவு விளக்கில் வரிசை தெரியாது. நான் ஒரு பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் பொம்மையின் அளவு, ஊசி, கண்ணி, கூட்டிய வரிசை ஆகியவற்றைக் குறித்து, அதன் மூலையில் துளையிட்டு அந்த நூலிலேயே ஒரு துண்டைக் கட்டி வைத்துவிடுகிறேன். அண்ணன் மகள் இதே சட்டை மஞ்சளில் வேண்டும் என்று கேட்டபோது, அந்தத் தாளை எடுத்துக் கொடுத்து அவளையே பின்னச் சொன்னேன்.