முதல்முறை தேர்தல் செலவுக் கணக்கு எழுதுவோருக்கு

சட்டமன்றத் தேர்தலில் நின்ற ஒரு சுயேச்சை வேட்பாளருக்குச் செலவுக் கணக்கு எழுதிக் கொடுத்தவன் நான். ஓட்டு சேர்க்க யோசனை சொல்ல அவரைச் சுற்றி எப்போதும் ஆள் இருந்தது. ரசீதை எங்கே வைப்பது என்று சொல்லத்தான் ஒருவரும் இல்லை. பெரிய கட்சிகளுக்கு ஆடிட்டரும் வழக்கறிஞரும் இருக்கிறார்கள். விதி தெரியாமல் சிக்கிக்கொள்வது தனியாளாக நிற்பவர்தான். அவருக்காகவும், அவருடைய கணக்கைப் பார்க்கும் உரிமையுள்ள வாக்காளருக்காகவும் இதை எழுதுகிறேன்.

வேட்புமனு தாக்கல் செய்த நாளிலிருந்து முடிவு அறிவிக்கப்படும் நாள் வரை, அந்த இரண்டு நாட்களையும் சேர்த்து, ஒவ்வொரு செலவுக்கும் வேட்பாளர் கணக்கு வைக்க வேண்டும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951இன் 77ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. 2022 ஜனவரியில் உயர்த்தப்பட்ட செலவு வரம்பின்படி, ஒரு வேட்பாளர் செலவு செய்யக்கூடியது தமிழ்நாடு போன்ற பெரிய மாநிலங்களில் சட்டமன்றத் தொகுதிக்கு 40 லட்சம் ரூபாய், மக்களவைத் தொகுதிக்கு 95 லட்சம். போன மாதமே அச்சடித்த நோட்டீஸாக இருந்தாலும், மனு தாக்கலுக்குப் பிறகு விநியோகித்தால் அதுவும் கணக்கில் வரும். பலர் முதலில் சறுக்குவது இங்கேதான்.

படி 1: தனி வங்கிக் கணக்கு

மனு தாக்கலுக்கு ஒரு நாள் முன்னதாகவாவது தேர்தலுக்கென்று தனிக் கணக்கு தொடங்குங்கள். வேட்பாளர் பெயரில் இருக்கலாம். தேர்தல் முகவரோடு, அதாவது தேர்தல் வேலைகளைத் தன் சார்பில் பார்க்க வேட்பாளர் முறைப்படி நியமித்தவரோடு, சேர்ந்தும் தொடங்கலாம். மனைவியோ மகனோ தேர்தல் முகவராக இல்லாதபோது அவர்களோடு கூட்டுக் கணக்கு கூடாது. சொந்தப் பணமாக இருந்தாலும் முதலில் இந்தக் கணக்கில் போட்டு, பிறகுதான் எடுத்துச் செலவு செய்ய வேண்டும்.

படி 2: மூன்று நிறப் பதிவேடு

தேர்தல் நடத்தும் அலுவலர் தரும் பதிவேட்டில் மூன்று பகுதிகள் உண்டு. வெள்ளைத் தாளில் அன்றாடச் செலவு, இளஞ்சிவப்பில் ரொக்கம், மஞ்சளில் வங்கி. வங்கியிலிருந்து 5,000 ரூபாய் எடுத்தால் மஞ்சளில் கழியும், இளஞ்சிவப்பில் ஏறும். அதில் 1,200 ரூபாயை ஆட்டோவுக்குக் கொடுத்தால் இளஞ்சிவப்பில் கழிந்து வெள்ளையில் செலவாக நிற்கும். இந்த ஓட்டம் புரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும்.

ரொக்க வரம்பை நன்றாக நினைவில் வையுங்கள். ஒரே நபருக்கோ கடைக்கோ தேர்தல் முடியும்வரை மொத்தமாக 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது. ஒரு நாளைக்குப் பத்தாயிரம் என்று நினைத்துவிடாதீர்கள். மைக் செட்காரருக்கு நாளொன்றுக்கு 4,000 வீதம் கையில் கொடுத்தால் மூன்றாம் நாளே வரம்பைத் தாண்டிவிடும். ஒருவருக்கு எவ்வளவு ஆகும் என்று தெரியாதபோது முதல் நாளிலிருந்தே காசோலையோ வங்கிப் பரிமாற்றமோதான் நல்லது.

படி 3: அன்றன்றைய இரவே எழுதுங்கள்

இதில் நான் தவறு செய்திருக்கிறேன். ஒரு தெருமுனைக் கூட்டத்துக்கு 60 நாற்காலி வாடகைக்கு எடுத்தோம். கூட்டம் சேரவே பக்கத்துக் கல்யாண மண்டபத்திலிருந்து இன்னும் 80 வந்தன. மண்டபக்காரர் தெரிந்தவர், காசு வாங்கவில்லை. நானும் 60 என்றே எழுதினேன். ஆய்வுக்குப் போனபோது அலுவலர் தம்மிடமிருந்த நிழல் பதிவேட்டை, அதாவது வேட்பாளரின் செலவைத் தேர்தல் அலுவலர்கள் தாங்களாகவே கவனித்து எழுதிவைக்கும் பதிவேட்டை, திறந்தார். அதில் 140 என்று இருந்தது, வீடியோவும் இருந்தது. இலவசமாக வந்த பொருளுக்கும் மாவட்டத் தேர்தல் அலுவலர் நிர்ணயித்த விலைப்பட்டியல்படி மதிப்புப் போட்டு எழுத வேண்டும் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. மேஜையின் எதிரில் வேட்பாளர் தலைகுனிந்து உட்கார்ந்திருந்ததை இன்னும் மறக்க முடியவில்லை. திருத்தி எழுதி, விளக்கம் கொடுத்தோம்.

அதனால் நாற்காலி, டீ, வடை, டீசல், மாலை என்று எதுவாக இருந்தாலும் தூங்கப் போவதற்கு முன் எழுதிவிடுங்கள். வவுச்சரில் தேதி, பெயர், கையெழுத்து மூன்றும் வேண்டும். பிரசாரக் காலத்தில், செலவைக் கண்காணிக்கத் தேர்தல் ஆணையம் அனுப்பும் செலவினப் பார்வையாளர் குறைந்தது மூன்று முறை பதிவேட்டைப் பார்ப்பார்.

படி 4: அச்சும் விளம்பரமும்

நோட்டீஸிலும் சுவரொட்டியிலும் அச்சிட்டவர், வெளியிடுபவர் இருவரின் பெயரும் முகவரியும் இருந்தாக வேண்டும். தவறினால் ஆறு மாதம் வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. தொலைக்காட்சி விளம்பரத்துக்கு முன்கூட்டியே சான்று பெற வேண்டும்.

செய்திபோல் வரும் விளம்பரத்தையும் சொல்லியாக வேண்டும். 2007 உத்தரப் பிரதேசத் தேர்தலில் பிசௌலி தொகுதியில் வென்ற உம்லேஷ் யாதவ், நாளிதழ்களில் செய்தி வடிவில் வந்த விளம்பரச் செலவைக் கணக்கில் காட்டவில்லை. 2011இல் தேர்தல் ஆணையம் அவரை மூன்று ஆண்டுகளுக்குத் தகுதிநீக்கம் செய்தது. பதவியில் இருந்த சட்டமன்ற உறுப்பினரே தப்பவில்லை.

படி 5: 30 நாட்களுக்குள் தாக்கல்

முடிவு வந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் கணக்கைக் கொடுக்க வேண்டும். டெபாசிட் போனவருக்கும் இது பொருந்தும். தோற்ற வருத்தத்தில் பதிவேட்டைப் பரணில் போட்டுவிட்டு, மூன்று ஆண்டுகள் போட்டியிட முடியாமல் போனவர்கள் உண்டு. வாக்கு எண்ணும் நாளுக்கு முன்பே கணக்கை முடித்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாள் செலவைச் சேர்ப்பது மட்டும்தான் பாக்கியிருக்க வேண்டும்.

வாக்காளருக்கு

ஓட்டுக்குக் கொடுக்கும் பணத்துக்கு எந்த நிறத் தாளிலும் இடமில்லை. அது குற்றம், வாங்குவதும் குற்றம்தான். பணப் பட்டுவாடா புகார்களால் 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தல் நின்றுபோனது. பெருந்தொகை பிடிபட்டதால் 2019இல் வேலூர் மக்களவைத் தேர்தலும் நிறுத்தப்பட்டது. கண்ணில் பட்டால் தேர்தல் ஆணையத்தின் சிவிஜில் (cVIGIL) புகார் செயலியில் படமோ வீடியோவோ எடுத்து அனுப்புங்கள், அல்லது 1950 என்ற தேர்தல் உதவி எண்ணை அழையுங்கள்.

தேர்தல் முடிந்த பிறகும் உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. வேட்பாளர்கள் தாக்கல் செய்த கணக்கை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். தேர்தல்களை நடத்துவதற்கான சட்ட விதிகளில் அதற்கென்று எழுதியிருக்கும் கட்டணம் 1 ரூபாய். உங்கள் தெருவில் நடந்த கூட்டத்தை நீங்கள் நேரில் பார்த்தவர்கள். அந்தத் தேதிக்கு வெள்ளைத் தாளில் எத்தனை நாற்காலி எழுதியிருக்கிறது என்று போய்ப் பாருங்கள்.