கோஸில் அந்து முட்டை வைப்பதற்கு முன்னாலேயே மடக்குவது எப்படி?

தாளவாடிப் பக்கமோ தொண்டாமுத்தூர்ப் பக்கமோ கோஸ் போடுகிறவர்களுக்கு வைரமுதுகு அந்துப்பூச்சியைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லைங்க. ஆனால் முக்கால்வாசிப் பேர் டேங்கைத் தூக்குவது இலையில் ஓட்டை விழுந்த பிறகுதான். அந்த ஓட்டையைப் போடுகிற இதன் புழு பல மருந்துகளுக்கு எப்போதோ பழகிவிட்டது. அதனால் தாய் அந்து இலை தேடும் நேரத்திலேயே குறுக்கே போவதுதான் லாபம்.

கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, கடுகு எல்லாம் ஒரே குடும்பம். இவற்றின் இலையில் குளுக்கோசினோலேட் என்ற கந்தகச் சேர்மம் இருக்கிறது, இலை கசங்கினால் அது உடைந்து மூக்கில் ஏறுகிற கடுகு நெடி வரும். பொழுது சாய்ந்ததும் கிளம்பும் அந்து அந்த வாசத்தைப் பிடித்துத்தான் தோட்டத்துக்கு வருகிறது. வந்ததும் முட்டையைப் போட்டுவிடாது, உணர்கொம்பால் இலையைத் தட்டித் தடவி, நம்ம பயிர்தான் என்று தெரிந்த பிறகே வைக்கும். இலையைத் திருப்பி நரம்பு ஓரமாகப் பாருங்கள்: அரை மில்லிமீட்டர் நீளத்தில் வெளிர்மஞ்சளாக ஒன்றிரண்டு ஒட்டியிருக்கும். வெறும் கண்ணுக்கு லேசில் சிக்காது, லென்ஸ் இருந்தால் நல்லது.

இந்த ருசியை வைத்தே அதை ஏமாற்றலாம். 25 வரிசை கோஸுக்கு 2 வரிசை கடுகு போடுங்கள். ஒன்றை நடவுக்கு 15 நாள் முன்னாலும், அது முற்றும்போது கைகொடுக்க இன்னொன்றை நட்ட 25ஆம் நாளிலும் விதைக்க வேண்டும். மளிகைக் கடைக் கடுகே முளைக்கும். கடுகில் வந்து இறங்கும் புழுவையும், சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியையும் அங்கேயே மருந்தடித்து முடித்துவிடுங்கள், சும்மா விட்டால் நீங்களே காசு போட்டுப் புழு வளர்த்த கதைதான்.

அப்புறம் கோஸ் இலைக்கு வேப்பங்கொட்டைக் கரைசல். இது இலையின் ருசியையே மாற்றிவிடுவதால் முட்டை குறையும், பொரித்த புழுவும் சரியாகத் தின்னாது. 100 லிட்டருக்கு 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பு. இடித்துத் துணியில் கட்டி, 10 லிட்டர் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, காலையில் பால் நிறம் போகும்வரை பிழிந்து, மீதித் தண்ணீரைச் சேர்த்து அன்றைக்கே தெளித்துவிடுங்கள். வெயில் பட்டால் வீரியம் சீக்கிரம் போய்விடும், சாயங்காலம்தான் சரி. ஆனி, ஆடியில் கொட்டை பொறுக்கி நிழலில் காயவைத்துக்கொண்டால் எட்டு மாதம் வரைக்கும் ஆகும்.

எல்லாரும் கோட்டை விடுவது சோப்பில். கோஸ் இலை மேல் சாம்பல் பூத்தமாதிரி மெழுகு இருக்கிறது, வெறும் கரைசலை அடித்தால் சேம்பு இலைத் தண்ணீர்போல உருண்டு ஓடிவிடும். 100 லிட்டருக்கு 200 கிராம் காதி சோப்பைக் கரைத்துச் சேருங்கள். நாசிலை (தெளிப்பான் முனையை) மேல்நோக்கிப் பிடித்து இலையின் அடிப்பக்கம் நனைகிறதா என்று இரண்டு செடியைத் திருப்பிப் பார்த்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போங்கள்.