பல்லுக்கு பாலிசி கைகொடுக்குமா?

கோவையில் பம்ப் கம்பெனி, மில் என்று மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கும் தம்பி, தங்கைகள் பல்வலி வந்ததும் கிளினிக்குக்கு ஓட வேண்டாம். சம்பளச் சீட்டில் 0.75 சதவீதம் இஎஸ்ஐ (தொழிலாளர்களுக்கான அரசு காப்பீடு) பிடித்திருக்கிறதா பாருங்கள், இருந்தால் இஎஸ்ஐ டிஸ்பென்சரிக்குப் போய் சிங்காநல்லூர் இஎஸ்ஐ ஆஸ்பத்திரியின் பல் பிரிவுக்குச் சீட்டு கேளுங்கள். கூட்டம் இருக்கும், நேரமே கிளம்பிடுங்க.

தனியாக மெடிக்ளைம் எடுத்தால் 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீத ஜிஎஸ்டி கிடையாது. சரி, பிரீமியச் செலவு குறைந்தது, பல் விஷயம் அப்படியேதான்: பெரும்பாலான பாலிசிகள் விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான் பல்லுக்குப் பணம் தரும். ரூட் கெனால், கேப், கிளிப் எல்லாம் கைக்காசு. ஓபிடி, அதாவது ஆஸ்பத்திரியில் சேராமல் பார்க்கும் வைத்தியச் செலவும் சேர்த்த பாலிசி என்றால், பல்லுக்கு உச்சவரம்பு எவ்வளவு, காத்திருப்பு எத்தனை மாதம் என்பதை ஏஜெண்ட் வாயை நம்பாமல் பாலிசித் தாளிலேயே தேடிப் படியுங்கள்.