இஞ்செக்ஷன் போட் எஞ்சின் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தால்

படகின் பின்புறம் மாட்டும் அவுட்போர்டு எஞ்சின், அதிலும் பெட்ரோலைக் கம்ப்யூட்டர் அளந்து பீய்ச்சும் இஞ்செக்ஷன் வகை, சுற்றுகிறது, ஆனால் பற்றவில்லையா? உடனே ஸ்பார்க் பிளக்கைக் கழற்ற வேண்டாம். முதலில் பேட்டரி. சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டினால் மட்டும் போதாது. செல்ஃப் அடிக்கும்போது 10-க்குக் கீழே இறங்கினால் கம்ப்யூட்டரும் பெட்ரோல் பம்பும் தடுமாறும். எஞ்சின் சுற்றத்தானே செய்கிறது என்று பலர் ஏமாறுவது இங்கேதான். டெர்மினலில் பூத்த பச்சைக் களிம்பையும் சுரண்டிவிடுங்கள்.

அப்புறம் சாவியைத் திருப்பிக் காது கொடுத்துக் கேளுங்கள். பெரும்பாலான மாடல்களில் பம்ப் சில நொடி முனகும். சத்தமே இல்லையென்றால் ஃபியூஸ், ரிலே பக்கம் போகலாம். முனகினால், டேங்க் மூடியின் காற்றுத் திருகு திறந்திருக்கிறதா, பெட்ரோல் குழாயில் உள்ள ரப்பர் கை பல்பு அழுத்த அழுத்த இறுகுகிறதா, ஃபில்டரில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று பாருங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். கார்புரேட்டர் பழக்கத்தில் ஆக்சிலேட்டரை மட்டும் முறுக்காதீர்கள்.