32 எழுத்துச் சாவி 33 பைட் ஆனது எப்படி

மூன்று நாள் போனது. லாகின் செய்தவரை அடையாளம் காட்டும் சீட்டான டோக்கனில் கையொப்பமிடும் ரகசியச் சாவியை மாற்றிய அன்றுதான் ஆரம்பம். லாகின் நடக்கும், டோக்கனும் வரும். அதை ஆர்டர் சர்வீஸுக்கு அனுப்பினால் 401 என்ற அனுமதி மறுப்புப் பிழை, 'கையொப்பம் செல்லாது'. என் லேப்டாப்பில் ஓட்டினால் எந்தச் சிக்கலும் இல்லை.

முதலில் சர்வர் கடிகாரத்தைச் சந்தேகப்பட்டேன். நேரம் பிசகினால் காலாவதிப் பிழைதான் வரும், கையொப்பப் பிழை வராது. இது உறைக்கவே அரை நாள். கையொப்ப முறையும் இரு பக்கமும் எச்எஸ்256 தான், ஒரே ரகசியச் சாவியால் கையொப்பமிட்டுச் சரிபார்ப்பது. சர்வீஸ்கள் ஓடும் பாட்களை (கன்டெய்னர் தொகுப்புகளை) ரீஸ்டார்ட் செய்தும் பயனில்லை. டெஸ்ட் சர்வரில் இரண்டு சாவிகளையும் திரையில் போட்டு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டேன். அச்சு அசலாக ஒன்றே.

கடைசியில் பைட்டுகளை எண்ணினேன். லாகின் பக்கம் 32, ஆர்டர் பக்கம் 33! பாட்களை நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸில் ரகசியங்களை வைக்கும் இடம் சீக்ரெட். ஆர்டர் சர்வீஸ் படிக்கும் சீக்ரெட்டுக்காகச் சாவியை எக்கோ கட்டளை வழியாக பேஸ்64 (பைட்டுகளை எழுத்துகளாக மாற்றும் குறிமுறை) ஆக்கியிருந்தேன். எக்கோ தன் பங்குக்கு இறுதியில், அடுத்த வரிக்குத் தாவச் சொல்லும், கண்ணுக்குத் தெரியாத ஒரு புதுவரிக் குறியைச் சேர்த்துவிடும். லாகின் சர்வீஸ் சாவியை எடுத்தது வேறொரு கோப்பிலிருந்து. அங்கே அந்தப் புதுவரிக் குறி இல்லை.

கண்ணில் படாததற்குக் காரணம் இதுதான்: 32 பைட்டானாலும் 33 ஆனாலும் பேஸ்64 நீளம் 44 எழுத்துகளே. 32 என்றால் கடைசியில் ஒரு சமக்குறி இருக்கும். புதுவரி ஒட்டிய 33 என்றால் சமக்குறி இருக்காது, ஆங்கிலப் பெரிய 'கே'யில் முடியும்.

திரையில் போட்ட சாவியைக் கைவிட்டு, புதியதை, தானாகப் புதுவரி சேர்க்காத பிரிண்ட்எஃப் கட்டளை கொண்டு ஏற்றினேன். பாட்களை மறுபடி ரீஸ்டார்ட் செய்தேன். ஏனென்றால் என்விரான்மென்ட் வேரியபிளாக (சர்வீஸ் தொடங்கும்போது கொடுக்கப்படும் மதிப்பாக) கொடுத்த சீக்ரெட் தானாகப் புதுப்பிக்கப்படாது. 401 நின்றது, நிம்மதி. இப்போது சாவியின் ஓரத்தில் வெற்றிடம் இருந்தால் சர்வீஸ் தொடங்கவே மறுக்கும்படி எழுதிவிட்டேன்.